மேச்சிப் பாலத்தில் மறிக்கப்பட்ட நடை: பூடான் அகதிகளின் அறவழிப் போராட்டம் தோற்றுவிட்டதா?

செல்வி_மதுரை (இழையைத் தொடங்கியவர்)

1996 ஜனவரியில் கிழக்கு நேபாளத்தின் ஜாப்பா மாவட்ட முகாம்களிலிருந்து பூடான் அகதிகள் அந்நாட்டுத் தலைநகர் திம்புவுக்கு நடைபயணம் கிளம்பினார்கள். கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கிடம் ஒரு மனு கொடுக்க வேண்டும், எங்களை ஊர் திரும்ப விடுங்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நேபாளமும் பூடானும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மேற்கு வங்காளத்தின் சிலிகுரிப் பகுதி கிடக்கிறது. மேச்சி ஆற்றுப் பாலம் தாண்டி வந்தவர்களை இந்தியப் போலீஸ் 144 தடை உத்தரவைக் காட்டிக் கைது செய்து சிறையில் அடைத்தது. விடுதலையானதும் மறுபடி நடந்தார்கள், மறுபடி பிடித்தார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், இவர்களைப் பூடானிலிருந்து விரட்டியபோது இதே இந்திய மண் வழியாகத்தான் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து நேபாள எல்லையில் இறக்கிவிட்டார்கள். அப்போது எந்தத் தடை உத்தரவும் குறுக்கே வரவில்லை. வெளியேறுவதற்குத் திறந்திருந்த பாதை, திரும்புவதற்கு அடைத்துக்கொண்டது.

இந்தியாவில் நடைபயணம், சத்தியாக்கிரகம், மனு என்பதையெல்லாம் நாம் நம்முடைய வழி என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே வழியை எடுத்தவர்களை நம் நாட்டுப் போலீஸ் மறித்தது எத்தனை பேருக்குத் தெரியும்? "அமைதியாகப் போராடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, ஆகவே அந்த வழியே வீண்" என்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் போராட்டத்தின் வழியில் குறை இல்லை, அதைப் பாதியில் தடுத்தார்கள் என்பது என் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


நடுக்கடல்

அக்கா, அடிப்படையிலிருந்து சொல்ல முடியுமா? பூடான் என்றால் புலிக்கூடு மடாலம், மொத்த தேசிய மகிழ்ச்சி, சுற்றுலாக் கட்டணம், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கிருந்து அகதிகள் வந்தார்கள் என்பதே புதுச் செய்தி. யார் இவர்கள்? எத்தனை பேர்?


வாத்தியார்_மகன்

நான் சொல்கிறேன். என் அப்பா எண்பதுகளில் தெற்குப் பூடானில், சிராங் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் அங்கே வாத்தியார் வேலைக்குப் போனார்கள்.

தெற்கு அடிவாரத்தில் இருந்தவர்கள் நேபாளி பேசுகிற மக்கள். லோட்சாம்பா என்று சொல்வார்கள். பெரும்பாலும் இந்துக்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே காடு திருத்திக் குடியேறியவர்கள். ஆரஞ்சு, ஏலக்காய், நெல் என்று விவசாயம். வடக்கே ஆட்சியில் இருப்பவர்கள் பௌத்தர்கள், மொழி சோங்கா. 1958-இல் ஒரு சட்டம் வந்து தெற்கத்தி மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அப்பா போன காலத்தில் அவர்கள் அரசு வேலையில் இருந்தார்கள், போலீசில் இருந்தார்கள், பள்ளியில் நேபாளியும் ஒரு பாடமாக இருந்தது.

1985-இல் புதிய குடியுரிமைச் சட்டம். 1988-இல் தெற்கில் மட்டும் கணக்கெடுப்பு. ஊர் ஊராக மேசை போட்டு உட்கார்ந்து, "1958-ஆம் வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்டு" என்றார்கள். அப்பா சொல்வார், வீட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, கரையான் அரித்த நிலவரி ரசீதுகளை மடியில் கட்டிக்கொண்டு கிழவர்கள் மலை இறங்கி வருவார்களாம். அதற்கு முந்தைய வருஷத்து ரசீது இருந்தாலும் எடுபடவில்லை. 1958 என்று இருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முந்தைய துண்டுச் சீட்டு ஒன்றில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து நின்றது.

ஆட்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை தரம் பிரித்தார்கள். எஃப்-1 என்றால் அசல் பூடானியர், எஃப்-7 என்றால் அந்நியர். ஒரே வீட்டில் கணவன் ஒரு வகை, மனைவி வேறு வகை. 1989-இல் பள்ளிகளிலிருந்து நேபாளிப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். வடக்கத்தியர் உடையான கோ, கிரா இரண்டையும் பொது இடங்களில் எல்லாரும் உடுத்த வேண்டும் என்று கட்டாயம் வந்தது. கனமான துணி. தெற்கின் வெக்கையில் வயலுக்குப் போகிறவர்கள் அதை உடுத்திக்கொண்டு எப்படி நடமாடுவார்கள்? உடுத்தாதவர்களுக்கு அபராதம்.

எண்ணிக்கை கேட்டீர்கள். 1990 கடைசியிலிருந்து வெளியேற்றம். முதலில் மாய் ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கினார்கள். அப்புறம் ஐ.நா. அகதிகள் ஆணையம் வந்து பெல்டாங்கி, கோல்டாப், திமாய், குதுனாபாரி, சனிஸ்சரே என்று முகாம்கள் அமைந்தன. ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பூடானின் மக்கள்தொகையே சில லட்சம்தான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.


நேர்க்கோடு

வாத்தியார் மகன் சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பேசுவோம், இல்லையென்றால் இது அனுதாப இழையாகப் போய்விடும்.

பூடான் அரசுக்குப் பயம் வரக் காரணம் இருந்தது. பக்கத்திலிருந்த சிக்கிம் 1975-இல் இந்தியாவோடு சேர்ந்தது, அங்கே நேபாளி பேசுவோர்தான் பெரும்பான்மை. 1986-இல் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்துக் கிளர்ச்சி. இரண்டுக்கும் அருகில் ஒரு சின்ன மலைநாடு, தன் மொழியும் மதமும் கரைந்துபோகும் என்று அஞ்சியதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா?

அப்புறம் 1990 செப்டம்பர். பூடான் மக்கள் கட்சி அந்த வருஷம் ஜூனில் மேற்கு வங்காளத்தில் தொடங்கப்பட்டது. செப்டம்பரில் தெற்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அரசு அலுவலகங்களுக்கு ஊர்வலம் போனார்கள். எல்லா இடத்திலும் அமைதியாக நடக்கவில்லை. கோ உடையைப் பிடுங்கி எரித்தார்கள், கட்டடங்கள் சேதமாயின, அரசுக்கு ஆதரவானவர்கள் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லவும் பட்டார்கள். "அறவழிப் போராட்டம்" என்று சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.


செல்வி_மதுரை

நேர்க்கோடு, சொல்ல வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். செப்டம்பர் 1990 தொடக்கம் இல்லை.

தேக் நாத் ரிசால் என்பவர் மன்னரின் ஆலோசனைக் குழுவில் தெற்கு மக்களின் பிரதிநிதியாக இருந்தவர். 1988 ஏப்ரலில், கணக்கெடுப்பில் அநியாயம் நடக்கிறது என்று மன்னருக்கே மனு எழுதினார். கூட்டம் கூட்டவில்லை, கல் எறியவில்லை. மன்னரைக் கவிழ்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. தேசத்துரோகி என்று பிடித்தார்கள். வெளியே வந்ததும் நேபாளத்துக்குப் போய்விட்டார். 1989 நவம்பரில் அங்கிருந்து பிடித்து பூடானிடம் ஒப்படைத்தார்கள். அப்போது நேபாளத்திலும் மன்னராட்சி. 1993 நவம்பரில் ஆயுள் தண்டனை, அதுவும் 1992-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அவர் பிடிபட்டபோது அந்தச் சட்டமே கிடையாது. தண்டனை சொன்ன சில நாளில், அகதிப் பிரச்சினையில் நேபாளமும் பூடானும் உடன்பாட்டுக்கு வந்தால் இவரை விடுவேன் என்று மன்னர் அறிவித்தார். குற்றவாளி என்றால் குற்றத்துக்குத் தண்டனை கொடுங்கள். இரு அரசுகளின் பேச்சுவார்த்தைக்கு ஒரு மனிதனைப் பிணையாக வைப்பதற்கு என்ன பெயர்? 1999 டிசம்பரில்தான் விட்டார்கள்.

மனுவுக்கு இதுதான் பதில் என்று ஆன பிறகு வந்தது 1990. அதற்கு அரசு செய்ததோ ஊர்வலம் போகாத லட்சம் பேரையும் சேர்த்துத் தண்டித்தது. தெற்கில் பள்ளிகளை மூடினார்கள். போலீசிடமிருந்து "தடையில்லாச் சான்று" இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாது, வேலைக்குப் போக முடியாது, ஏலக்காயை விற்கக்கூட முடியாது. குடும்பத்தில் ஒருவர் போராட்டத்தில் இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் சான்று இல்லை. கடைசியில் சோங்காவில் எழுதிய படிவத்தில் கையெழுத்து. "நானாக விரும்பி நாட்டை விட்டுப் போகிறேன்" என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாதவர்களிடமே வாங்கினார்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்ததாக முகாமில் பலரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கிம் பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஒரு அரசு பயந்தால் எல்லையைக் காக்கலாம், புதிதாக வருகிறவர்களைத் தடுக்கலாம். தன் குடிமக்களைக் கேமரா முன் சிரிக்க வைத்து லாரியில் ஏற்ற அந்தப் பயம் உரிமை கொடுக்காது.


கரிசல்மண்

நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். மனு எழுதினார்கள், ஆயுள் தண்டனை. நடந்தார்கள், சிறை. தொண்ணூறுகளில் தொடங்கி நேபாளமும் பூடானும் பத்துச் சுற்றுக்கு மேல் பேசின, ஒருவர்கூட முறைப்படி ஊர் திரும்பவில்லை. அதே நேபாளத்தில் மாவோயிஸ்டுகள் 1996-இல் துப்பாக்கி எடுத்தார்கள், 2008-இல் மன்னராட்சியே போய்விட்டது. முகாமில் வளர்ந்த இளைஞன் இதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கமாட்டானா? வசதியான இடத்தில் உட்கார்ந்து "அமைதி வழி" என்று அடுத்தவனுக்குச் சொல்வது எளிது.


கிழக்குவாசல்

கரிசல்மண் தோழர், அந்த இளைஞன் பார்த்தான். 2003-இல் பூடான் கம்யூனிஸ்ட் கட்சி ஒன்று முகாம்களில் உருவாகி மக்கள் யுத்தம் என்று அறிவித்தது. 2008 தேர்தலுக்கு முன் பூடானில் சில இடங்களில் குண்டுகள் வெடித்தன. விளைவு? அகதிகள் எல்லாருமே பயங்கரவாதிகள் என்று திம்பு அதுவரை சொன்னதற்கு ஆதாரம் கிடைத்தது. பிடிபட்டவர்கள் நீண்ட தண்டனையில் உள்ளே போனார்கள். ஒரு குடும்பமும் அதனால் வீடு திரும்பவில்லை.

நேபாளக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள். 1990-இல் மன்னரைப் பலகட்சி ஆட்சிக்கு இறங்கிவர வைத்தது மக்கள் இயக்கம். 2006 ஏப்ரலில் மன்னர் ஞானேந்திரா கலைத்த நாடாளுமன்றத்தை மீட்டது காத்மாண்டுத் தெருவில் பத்தொன்பது நாள் நின்ற கூட்டம். பத்து வருஷத் துப்பாக்கி பதினாயிரத்துக்கு மேல் உயிர் குடித்தது, கடைசியில் மாவோயிஸ்டுகளும் அந்தத் தெருவோடு சேர்ந்துதான் ஜெயித்தார்கள்.

பூடான் அகதிகளுக்கு இல்லாமல் போனது அந்தத் தெருதான். நாட்டுக்கு உள்ளே இருப்பவன் கடையடைப்பு செய்யலாம், வரி கட்ட மறுக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். ஜாப்பா முகாமில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்பவன் எதை நிறுத்தினால் திம்புவுக்கு வலிக்கும்? அமைதிப் போராட்டம் பலிக்க வேண்டுமென்றால் எதிராளி உன்னை நம்பிக் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அவர்களை அந்த இடத்திலிருந்தே பிடுங்கிவிட்டார்கள். அதனால்தான் நடந்து போனார்கள். ஊருக்குள் காலை வைப்பது ஒன்றுதான் அவர்கள் கையில் மிச்சமிருந்த போராட்டம்.

இன்னொன்று. இது நேபாளி பேசுவோர் விவகாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ரோங்தோங் குன்லே டோர்ஜி கிழக்குப் பூடானைச் சேர்ந்த ஷார்சோப், பௌத்தர். 1994-இல் நாடு கடந்த நிலையில் துருக் தேசிய காங்கிரசைத் தொடங்கி, மனித உரிமை, பலகட்சி ஜனநாயகம், அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி என்று கேட்டவர். தெற்கத்தி அகதிகளோடு கைகோத்தார். 1997 ஏப்ரலில் பூடான் கேட்டதன் பேரில் டெல்லியில் அவரைக் கைது செய்து ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். அதே வருஷம் கிழக்குப் பூடானில் சுவரொட்டி ஒட்டி அமைதியாகக் கூடியவர்கள் மீது பாய்ந்தார்கள், மடாலத்துத் துறவிகள் உட்பட ஏராளமானோர் கைதானார்கள். பௌத்தரும் இந்துவும் ஒரே கோரிக்கையை வைத்ததுதான் அரசைக் கூடுதலாக உறுத்தியது என்பது என் கணிப்பு.


நேர்க்கோடு

அந்தக் கோரிக்கைதான் நிறைவேறிவிட்டதே! 2006-இல் நான்காம் மன்னர் தானே முடி துறந்தார். 2008 மார்ச்சில் முதல் நாடாளுமன்றத் தேர்தல், ஜூலையில் அரசியலமைப்பு. மன்னருக்கே 65 வயதில் ஓய்வு என்று எழுதியிருக்கிறார்கள். 2013-இலும் 2018-இலும் 2024-இலும் ஆளுங்கட்சி தோற்று வேறு கட்சி வந்தது. யாரும் யாரையும் சுடவில்லை. தெற்கத்தி மக்களும் உறுப்பினர்களாக, அமைச்சர்களாக இருக்கிறார்கள். ஆசியாவில் எத்தனை நாட்டில் இப்படி?


செல்வி_மதுரை

அந்த மாற்றம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பவர்களுக்கு நல்லது நடந்திருக்கிறது. ஆனால் பந்தியிலிருந்து ஒரு பகுதி ஆட்களை எழுப்பி வெளியே தள்ளிவிட்டு மிச்சப் பேருக்கு இலை போட்டிருக்கிறார்கள். அந்த அரசியலமைப்பும் பிறப்பால் குடிமகன் என்பதற்குப் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது, பழைய 1958-ஐயும் தக்கவைத்திருக்கிறது. ஐந்தாம் மன்னர் அவ்வப்போது சிலருக்குக் குடியுரிமை வழங்குகிறார். அவர்கள் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்தான். என்றாலும் மன்னர் மனம் வைத்தால் கிடைப்பது உரிமையாகாது.

அப்புறம் சிறையில் இருப்பவர்கள். 2023-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 37 அரசியல் கைதிகளின் விவரத்தை வெளியிட்டது. பலர் தொண்ணூறுகளில் பிடிபட்டவர்கள், ஆயுள் தண்டனை. மூன்று தேர்தல், நான்கு தேர்தல் தாண்டியும் உள்ளேயே இருக்கிறார்கள்.

2001–2003 சரிபார்ப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். நேபாளமும் பூடானும் கூட்டுக் குழு போட்டு குதுனாபாரி முகாமை மட்டும் ஆராய்ந்தன. 12,183 பேர். வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்ட பூடானியர் என்று ஏற்றுக்கொண்டது 293 பேரை. 8,595 பேர் "தாமாகப் போனவர்கள்", ஆகவே குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2,948 பேர் பூடானியரே அல்ல. 347 பேர் குற்றவாளிகள். அந்தச் சிரித்த படமும் கையெழுத்துப் போட்ட படிவமும் எதற்காக என்று 8,595 என்ற எண்ணைப் பார்த்தால் விளங்கும். 2003 டிசம்பரில் இதை விளக்க வந்த பூடான் அதிகாரிகள் மீது முகாமில் கல் விழுந்தது. அவர்கள் கிளம்பிப் போனார்கள், அதோடு சரி. கல் எறிந்தது தவறு. ஆனால் அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார எத்தனை பேரால் முடியும் என்றும் யோசிக்கிறேன்.


கொலம்பஸ்வாசி

நான் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் இருக்கிறேன். இந்த ஊரிலும் பக்கத்து ஆக்ரனிலும் பூடான் நேபாளிகள் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 2007 கடைசியில் தொடங்கிய மீள்குடியேற்றத்தில் எட்டு நாடுகள் சேர்ந்து ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டன, அதில் பெரும்பகுதி அமெரிக்கா.

நான் மளிகை வாங்கும் கடையில் கல்லாவில் இருக்கும் பையன் பெல்டாங்கியில் பிறந்தவன். பூடானை அவன் பார்த்ததே இல்லை. அவனுடைய பாட்டி கடைக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாடு என்று சொன்னதும், எங்கள் பள்ளிக்கூடத்தில் மதராசி மாஸ்டர் இருந்தார் என்று இந்தியில் சொன்னார். வாத்தியார் மகன், உங்கள் பதிவைப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது. பழைய ரசீதுகளை ஒரு நெகிழி உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு வைத்திருக்கிறார். பேரனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. "இதைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது" என்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறாராம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றம் வந்தபோது முகாமுக்குள் பெரிய பிளவு. "வேறு நாட்டுக்குப் போனால் பூடான் ஜெயித்தது மாதிரி" என்று ஒரு தரப்பு. போக விரும்பியவர்களை அடித்து மிரட்டிய சம்பவங்கள் நடந்தன. 2007 மே மாதம் மேச்சிப் பாலத்தில் மறுபடி ஊர்திரும்பும் நடை, இந்தியப் படையினர் சுட்டதில் ஓர் அகதி இறந்தார். அதற்கப்புறம் பிள்ளைகளின் படிப்பை நினைத்து அமெரிக்காவுக்குக் கையெழுத்துப் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மூங்கில் குடிசையில் பதினேழு வருஷம் காத்திருப்பது போதாதா?

போராட்டம் முடிந்ததாகவும் நினைக்காதீர்கள். இங்கிருந்து ஐ.நா.வுக்கு எழுதுகிறார்கள், கைதிகளின் பெயர்ப் பட்டியலைச் செனட்டர்களிடம் கொடுக்கிறார்கள். ஆனால் 2025-இல் வேறொரு அடி விழுந்தது. பழைய குற்ற வழக்குகள் இருந்த சிலரை அமெரிக்கா பூடானுக்கு நாடு கடத்தியது. பூடான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. விமானத்திலிருந்து இறங்கியவர்களைக் கொண்டுபோய் இந்திய எல்லையில் விட்டது. சிலர் நேபாள முகாமுக்கே வந்து சேர்ந்து, சட்டவிரோதமாக நுழைந்ததாக அங்கே பிடிபட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே பாதை. அந்த வாரம் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.


நடுக்கடல்

இதைப் படித்துவிட்டு மனசு கனக்கிறது. இந்தியா ஏன் இப்படி நடந்துகொண்டது? பூடானுக்கும் சொல்லவில்லை, அகதிகளையும் விடவில்லை.


கிழக்குவாசல்

பூடானைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது டெல்லிக்கு முக்கியம். வடக்கே சீனா, கீழே சிலிகுரியின் ஒடுங்கிய நிலம். சுக்கா போன்ற அணைகளிலிருந்து வரும் மின்சாரம் வேறு. 1949 உடன்படிக்கையின்படி வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனையைக் கேட்டு நடப்பதாகப் பூடான் ஒப்புக்கொண்டிருந்தது. 2007-இல்தான் அந்த வாசகம் மாறியது. அவ்வளவு செல்வாக்கு இருந்தும் "இது நேபாளமும் பூடானும் பேசித் தீர்க்க வேண்டியது" என்று டெல்லி ஒதுங்கிக்கொண்டது. பாலத்தில் மட்டும் ஒதுங்கவில்லை.

நமக்கும் இதில் ஒட்டுகிற இடம் ஒன்று உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே சேர்த்தது. இலங்கைத் தமிழ் அகதிகள் ஏன் இல்லை என்று நாம் கேட்டோம். பூடானிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அவர்களும் அதில் இல்லை. அப்போது அந்தக் கேள்வியை நம்மில் யாரும் சேர்த்துக் கேட்கவில்லை.


கரிசல்மண்

கிழக்குவாசல், எதிராளி நம்மை நம்பியிருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆயுதம் பற்றிய என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் சாவி அகதிகள் கையில் இல்லை, பாலத்தை வைத்திருப்பவர்கள் கையில் இருக்கிறது என்றால், பேச வேண்டியது இந்தியக் குடிமக்களாகிய நாம்தானே?


செல்வி_மதுரை

ஆமாம், அதற்காகத்தான் இழையே தொடங்கினேன். நேபாளத்தில் இன்னமும் பெல்டாங்கியிலும் சனிஸ்சரேயிலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் வயதானவர்கள் பலர் சாவதற்குள் ஊர் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். 2023-இல் காத்மாண்டுவில் ஒரு மோசடி வெளிவந்தது, நேபாளிகளிடமே பணம் வாங்கிக்கொண்டு "உன்னைப் பூடான் அகதி ஆக்கி அமெரிக்கா அனுப்புகிறேன்" என்று ஏமாற்றியதில் முன்னாள் துணைப் பிரதமரும் முன்னாள் உள்துறை அமைச்சரும் கைதானார்கள். உண்மையான அகதியின் பெயரைச் சொன்னாலே சந்தேகப்படும் நிலையை அந்தக் கூட்டம் உண்டாக்கிவிட்டது. நாள் கடத்தினால் இன்னும் மோசமாகும்.

நம் தொகுதி எம்.பி.க்களிடம் இரண்டு கேள்வி கொடுத்து நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அரசியல் கைதிகளின் விடுதலை பற்றி வெளியுறவு அமைச்சகம் பூடானிடம் பேசியிருக்கிறதா? ஊர் திரும்ப விரும்பும் முதியவர்களை இந்தியா வழியாகப் போக அனுமதிக்குமா? கொலம்பஸ்வாசி, கைதிகளின் பட்டியலில் வெளிப்படையாகப் பகிரக்கூடிய பகுதியை, அதைச் செனட்டர்களிடம் கொடுப்பவர்களிடம் கேட்டு அனுப்ப முடியுமா? குடும்பத்தினரின் சம்மதம் இல்லாத எந்தப் பெயரும் வேண்டாம். நேர்க்கோடு, வரைவை நீங்கள் ஒருமுறை பாருங்கள். எங்கே மிகைப்படுத்துகிறோம் என்று நீங்கள்தான் சரியாகச் சொல்வீர்கள்.


நேர்க்கோடு

பார்க்கிறேன். 1990 வன்முறையைப் பற்றி ஒரு வரி அதில் இருக்கட்டும், மறைத்தால் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். முதியவர்களைப் பற்றிய கேள்வியை முதலில் போடுங்கள். அதற்கு மட்டும் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.


வாத்தியார்_மகன்

அப்பாவின் பழைய பள்ளிப் படங்கள் பெட்டியில் இருக்கின்றன. சிராங்கில் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள் படித்ததற்கு அதுவும் ஒரு சாட்சி. கொலம்பஸ்வாசி, அந்தப் பாட்டி எந்த ஊர்ப் பள்ளி என்று தனிமடலில் கேட்டுச் சொல்லுங்கள். படங்களை நகல் எடுத்து அனுப்புகிறேன்.